ஒரு போத்தல் கடல்

அபீபாவைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் லேனில் இருக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு அவள் கையால் ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டுப் போகிறார்கள். அவளோடு ஒரே மதிலைப் பங்கு போட்டுக்கொண்டு முப்பது வருஷம் இருந்தவள் நான். எனக்குத் தெரியும், அவள் பயந்தாங்கொள்ளி. கடலுக்குப் பயந்தவள். மாத்தளையில் எங்கே கடல் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டுக் கேட்டு அவளைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் மங்களேஸ்வரி. முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிற வீதியில் பூமாலைக் கடை வைத்திருக்கிறேன். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் கொழும்பில். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள், அது உண்மைதான்.

அபீபாவும் அவள் புருஷன் மீராசாவும் மன்னார்த் தீவுக்காரர்கள். இரண்டு பேரும் ஒரே கரையூர். தொண்ணூறாம் ஆண்டு சண்டை நேரத்தில் இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறி, உப்பு விளைகிற புத்தளத்துக்கு வந்தவர்கள். முகாமில் கல்யாணம் நடந்தது. பிறகு மீராசாவின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மாத்தளை மார்க்கட்டில் கருவாட்டுக் கடை போட இடம் பிடித்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்குக் கருவாட்டு மூட்டையோடு ஆள் வருகிறது என்றதும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வரவேற்றேன். ஒரு மாதத்தில் அந்த மணம் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது.

வந்த புதிதில் ஒரு நாள் மீராசா வாசலில் இறங்கும்போது, மரியாதைக்குத்தான், "எங்க போறீங்க நானா?" என்று கேட்டேன். மனுஷர் அப்படியே நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி உள்ளே போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிறகுதான் புறப்பட்டார். நான் என்ன தப்பாகக் கேட்டேன் என்று விளங்காமல் நின்றேன். அபீபா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. எங்கட ஊர்ல கடலுக்குப் போறவர எங்கன்னு கேக்க மாட்டாங்க. கேட்டா கடலுக்கும் காது கேட்டிருமாம்."

"இவரு மார்க்கட்டுக்குத்தானே போறாரு?"

"பழகிட்டுதே அக்கா, என்ன செய்ற."

புருஷன் புறப்பட்டுப் போனால் பகல் பாங்கு சொல்லும்வரை அவள் விளக்குமாற்றைத் தொடமாட்டாள். கூட்டினால் போனவரின் கால்தடத்தையும் சேர்த்துக் கூட்டி எறிந்த மாதிரியாம். "மார்க்கட்டுல என்ன அல அடிக்குதாடி?" என்று கேட்பேன். சிரிப்பாள், ஆனால் கூட்டமாட்டாள். நோன்புப் பெருநாள் அன்று வட்டிலப்பம் செய்தால் முதல் கரண்டி யாருக்கும் இல்லை. ஊரில் அதைக் கடலில் விடுவார்களாம். இங்கே வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற கானில் விடுவாள். கான் சுதுகங்கைக்குப் போகும், சுதுகங்கை அம்பன் கங்கைக்குப் போகும், அது மகாவலியில் சேர்ந்து கடலுக்குப் போகும் என்று கணக்கு வைத்திருந்தாள். "கடலுக்குப் போறதுக்குள்ள நாவுலயில நாய் தின்னுரும்" என்று நான் சொன்னதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியமா? பல்லி சொன்னால் நின்று கேட்கிறவள். இராகு காலம் பார்க்காமல் கடைப் பலகையைத் திறக்க மாட்டேன். ஆனாலும் என்னுடைய மூடத்தனம் எனக்குச் சாஸ்திரம், அவளுடையது எனக்கு வேடிக்கை. எல்லாரும் அப்படித்தானே.

ஒவ்வொரு வருஷமும் கோயில் ஆட்களோடு பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போய்க் கோணேசரைக் கும்பிட்டு வருவது என் வழக்கம். கடலில் முழுகிவிட்டு ஒரு போத்தலில் கடல் தண்ணீர் எடுத்து வருவேன். அது எங்களுக்குத் தீர்த்தம், சாமி அறையில் வருஷம் முழுக்க இருக்கும். முதல் தடவை நான் போய் வந்தபோது பஸ்ஸால் இறங்கி நேரே அபீபா வீட்டுக்குத்தான் போனேன். ஒரு கையில் அவள் பிள்ளைக்கு வாங்கிய பனங்கட்டி, மறு கையில் போத்தல்.

அவள் வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"அக்கா, அத உள்ள கொண்டு வராதீங்க. அல்லாவுக்காகக் கொண்டு வராதீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம்முடைய தீர்த்தம் இவர்களுக்கு ஆகாதோ என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவளாகவே என் வீட்டுக் குசினியில் வந்து உட்கார்ந்து சொன்னாள்.

அவர்கள் ஊரில் கடல் தண்ணீரைச் சொட்டுக்கூட வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். கடலால் வருகிறவன் கிணற்றடியில் தலையும் காலும் கழுவிவிட்டுத்தான் படி ஏறவேண்டும். கடலைக் கொண்டுபோனால் கடல் தன் பொருளைத் தேடிப் பின்னாலேயே வரும். வந்தால் வெறுங்கையோடு திரும்பாது, வீட்டில் ஓர் உயிரை வாங்கிக்கொண்டுதான் போகும். இது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அபீபாவுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஊரை விட்டு வள்ளம் ஏறுகிற அன்று, இனி இந்தக் கடலைப் பார்க்கப்போவதில்லை என்று பெரியவர்கள் அழுவதைக் கேட்டு, பதினாலு வயதுப் பிள்ளை, ஒரு சர்பத் போத்தலில் கடலை நிரப்பித் தாவணிக்குள் ஒளித்து எடுத்து வந்துவிட்டாள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வைத்திருந்தாள். கொஞ்ச நாளில் அவளுடைய கடைசித் தம்பிக்கு வயிற்றோட்டம் பிடித்தது. மூன்று வயதுப் பையன். இரண்டே நாள்.

"உம்மா போத்தலக் கண்டுட்டாங்க அக்கா. கடல யாரு உள்ள கொண்டு வந்தன்னு ஒரு தரம் கேட்டாங்க. அதுக்குப் பிறகு மௌத்தாகும்வரைக்கும் அதப்பத்தி ஒரு சொல்லுக் கேக்கல்ல."

"முகாம்ல அப்ப எத்தன புள்ள வயித்தோட்டத்துல செத்திருக்கும்! எல்லாரும் போத்தலா கொண்டு வந்தாங்க?" என்றேன்.

"மத்தப் புள்ளங்களப் பத்தி எனக்குத் தெரியாது அக்கா. என்ட தம்பிய நான்தான் கொண்டேன்."

தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து போத்தலோடு அவள் வாசல் பக்கம் போனதில்லை. கேலியையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

மீராசாவுக்குச் சீனி வருத்தம் வந்தது. முதலில் ஒரு கால் விரல் போனது, பிறகு கிட்னி இரண்டும் போனது. கண்டிக்குப் போய் டயலிசிஸ் செய்து இரத்தம் கழுவவேண்டும் என்றார்கள். உப்பு வாயில் படக்கூடாது, தண்ணீர் அளந்துதான் குடிக்கவேண்டும். கடலுக்கு நடுவே பிறந்து கருவாடு விற்றுச் சாப்பிட்ட மனுஷனுக்கு உப்பும் தண்ணீரும் ஆகாது என்று எழுதி வைத்தவன் எவனோ, அவனை நேரில் கண்டால் நான் நாலு கேள்வி கேட்பேன். கடையை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். கையில் ஊசி ஏற்றுகிற நரம்பும் கெட்டுப்போய்க் கழுத்தில் குழாய் வைத்தார்கள். போன வருஷம் நடுவில் பெரிய டொக்டர் அபீபாவைத் தனியே கூப்பிட்டு, இனி இருக்கிறவரைக்கும் நல்லபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அதே நேரம் மகள் ஜஸ்லா பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரே மகள், நாவுலையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முன்பு இரண்டு முறை தங்கிக் கலைந்துபோனது. இந்த முறை ஏழாம் மாதம் தாண்டிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் மெதுவாக நடப்பதைப் பார்த்து அபீபா மூச்சுக்கூடச் சத்தமாக விடுவதில்லை. ஒரு பக்கம் போகப்போகிற உயிர், ஒரு பக்கம் வரப்போகிற உயிர். நடுவில் இவள் கஞ்சிக் கோப்பையோடு ஓடித்திரிந்தாள்.

ஸபர் மாதம் பிறந்தது. அந்த மாதம் பலா முசீபத்து, துன்பமும் ஆபத்தும், இறங்குகிற மாதம் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. கடைசிப் புதன்கிழமைக்கு ஒடுக்கத்துப் புதன் என்று பெயர். தீவில் அன்று ஆணும் பெண்ணும் குஞ்சு குருமானுமாகக் கடலுக்குப் போய் முழுகுவார்களாம். மாவிலையில் குங்குமப்பூக் கரைசலால் குர்ஆன் வசனம் எழுதி, அதைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்களாம். பிறகு கரையிலேயே சமைத்துச் சாப்பாடு. இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாதது என்று இப்போதுள்ள மௌலவிமார் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மீராசா யார் சொல்லையும் கேட்கவில்லை.

"ஒடுக்கத்துப் புதனுக்கு நான் கடல்ல முழுகணும்" என்றார்.

வேனில் வைத்துத் திருகோணமலைக்குக் கூட்டிப்போகலாமா என்று டொக்டரைக் கேட்டார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிடும் என்றார் டொக்டர். அன்று பின்னேரம் நான் கொல்லையில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மீராசா பின்வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார்.

"மங்களம், ஒங்கட சாமி ரூம்ல ஒரு போத்தல் கடல் இருக்குதானே? அத எனக்குத் தாங்களன். வாளியில கலந்து ஊத்திக்கிறேன்."

"அதுக்கென்ன நானா, முழுசா எடுத்துக்குங்க" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அபீபாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் என்னை மதிலோரம் இழுத்துக்கொண்டு போனாள். "தராதீங்க அக்கா."

"அவருக்கு அந்தக் கத தெரியாதா?"

"தெரிஞ்சுதான் கேக்கிறாரு. கடல் வந்து தன்னக் கூட்டிட்டுப் போகட்டும்னுதான் கேக்கிறாரு. முடியல்ல அவருக்கு. எனக்கு வெளங்குது அக்கா." குரல் தாழ்ந்தது. "ஆனா கடலுக்கு ஆள் தெரியாது. கொண்டுவந்தது நான், எடுத்தது தம்பிய. கைக்கு எட்டினத எடுத்துட்டுப் போயிரும். ஜஸ்லா உள்ள படுத்திருக்கா."

அந்த மனுஷன் வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்டது ஒரு வாளி தண்ணீர். "பைத்தியக்காரி! ஸ்கேன் பண்ணி எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னாங்கதானே? சாகப்போற மனுஷனுக்கு இதக்கூடச் செய்ய மாட்டியா?" என்று கத்திவிட்டேன். அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் போத்தலைக் கொடுக்கவில்லை. அவள் வீட்டுப் பிள்ளை, அவள் வீட்டுப் புருஷன். நான் யார் தீர்ப்புச் சொல்ல?

ஒடுக்கத்துப் புதன் காலையில் அவள் மாவிலை பறித்துத் தானே எழுதினாள். கொல்லையில் கதிரை போட்டு மீராசாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். கழுத்துக் குழாய் நனையாமல் பொலித்தீனால் கட்டினாள். ஒரு பெரிய வாளியில் தண்ணீர் இருந்தது. அதில் அவள் என்ன போட்டாள் என்று எனக்குத் தெரியும். விடிய முன்பே கல்லுப்பை அம்மியில் வைத்துப் பொடிக்கிற சத்தம் கேட்டிருந்தது. "மங்களம் அக்கா தந்தது" என்று சொல்லிக்கொண்டு தோளில் ஊற்றினாள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மீராசா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு உதட்டில் வந்து நின்றது. நாக்கை நீட்டித் தொட்டார்.

"புத்தளத்து உப்பு" என்றார்.

அபீபாவின் கையில் வாளிக் கோப்பை நின்றது.

"ஏன் புள்ள?"

அவள் ஜஸ்லா படுத்திருந்த அறையின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அந்த ஜன்னலில் ஜஸ்லாவின் சீலை காய்ந்துகொண்டிருந்தது.

"சரி" என்றார். "ஊத்து."

மிச்சத் தண்ணீர் முழுவதையும் ஊற்றி முடித்தாள். நான் உள்ளே போய்விட்டேன். அன்று பூக் கட்டினால் ஒரு முடிச்சும் விழவில்லை.

ஒன்பதாம் மாதம் ஒரு காலை ஜஸ்லா, பிள்ளை அசைவது தெரியவில்லை என்றாள். த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அபீபா வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தாள். டொக்டர் பொம்பிளை வயிற்றில் கருவியை வைத்து இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தாள், பிறகு அதை அணைத்துவிட்டாள். உயிர் இல்லாமல்தான் பிறந்தது. ஆண் பிள்ளை, தலை நிறைய முடி. என்ன காரணம் என்று கேட்டதற்கு, சில நேரம் காரணமே இருக்காது அம்மா என்றாள். நல்ல பெண்தான், அவள் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனாலும் அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

பிள்ளையை அடக்கிவிட்டு வந்த அன்று மீராசா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அபீபா கஞ்சியோடு போய் நின்றாள். அவர் திரும்பவில்லை.

"அப்ப நீ அந்தத் தண்ணியவே ஊத்தியிருக்கலாமே புள்ள" என்றார்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னார். ஆனால் அதைவிட அவர் அவளைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. அந்த மாதம் முடிவதற்குள், கண்டிக்குப் போகவேண்டிய நாளில், போகமாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டார். மூன்றாம் நாள் உயிர் போனது. கபுரடியில் மண் நல்ல சிவப்பு. தீவில் வெள்ளை மணலாம், தோண்டத் தோண்டச் சரியுமாம். பிறகொரு நாள் அபீபாதான் சொன்னாள்.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்ததும் ஜஸ்லாவை அவள் புருஷன் நாவுலைக்குக் கூட்டிப்போனான். அபீபா புருஷனுக்காக இத்தா இருந்தாள், நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது. நான் கடை பூட்டிவிட்டு வந்து அவளோடு கொஞ்சம் இருந்துவிட்டுப் போவேன். ஒரு பின்னேரம் இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"அக்கா, நான் இந்த முறை கடலக் கொண்டு வரல்லதானே?"

"இல்லடி. நீ எங்க கொண்டு வந்த?"

"ஒரு சொட்டும் கொண்டு வரல்ல. அவரு கேட்டும் குடுக்கல்ல. அப்படியும் புள்ள போயிட்டு." ஆய்ந்த கீரையைத் தண்டுகளோடு சேர்த்துப் போட்டாள். "அப்ப என்ட தம்பியும் சும்மாத்தான் மௌத்தானானா?"

எத்தனை வருஷமாக இதைத்தானே நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போதாவது விளங்கியதே என்று சந்தோஷப்பட்டேன். புத்தி கெட்டவள் நான். "சும்மாத்தான்டி! வயித்தோட்டம். நீ ஒண்ணும் பண்ணல்ல, உன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன்.

அவள் அழுவாள், பாரம் இறங்கும் என்று பார்த்தேன். அழவில்லை. அவள் முகம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழடு தட்டியது.

"அப்ப அவருக்கும் நான் சும்மாத்தான் குடுக்காம விட்டேன்" என்றாள்.

எனக்கு வாய் அடைத்துப்போனது. இந்த லேனில் என் வாய் அடைத்ததை யாரும் பார்த்ததில்லை.

பாங்கு சொன்னது. அவள் எழுந்து தொழுதுவிட்டு வந்து மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, அந்தப் போத்தலக் கொண்டு வாங்க."

"எதுக்கு?"

"கொண்டு வாங்களன். வந்தா வரட்டும். இனி இந்த வீட்டுல கைக்கு எட்டுறதுக்கு நான் மட்டும்தானே இருக்கேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி வாசல்படிக்கு உள்ளே, கதவோரம் வைத்தாள்.

இத்தா முடிந்து மாதங்கள் ஆகின்றன. இப்போது காலையில் நான் கடைக்குப் புறப்பட்டால், "எங்க போறீங்க அக்கா?" என்று லேன் முழுக்கக் கேட்கும்படி கேட்கிறாள். யாராவது வந்துவிட்டுப் போனால், அவர்கள் படி இறங்குவதற்குள் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டுகிறாள். போன பெருநாளுக்கு வட்டிலப்பத்தின் முதல் கரண்டியைத் தானே வாயில் போட்டுக்கொண்டாள். லேனில் இருக்கிறவர்கள், பரவாயில்லை, மனதைத் தேற்றிக்கொண்டாள், பொறுமைசாலி என்கிறார்கள்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனபோது போத்தல் அதே இடத்தில் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். சீலைத் தலைப்பால் அதன் தூசியைத் துடைத்தாள்.

"இன்னும் வரல்ல அக்கா" என்றாள்.